ட்ரோன் ப்ராப்பை எப்போது தூக்கிப் போடவேண்டும்?

நுனியில் சில்லு போன ப்ராப்பை, அதாவது மோட்டாரில் சுழலும் விசிறியைக் காட்டி "இன்னைக்கு ஒரு ஃபங்ஷன் மட்டும் இதை வச்சு ஓட்டிடலாமா" என்று கேட்காத ட்ரோன்காரர் அநேகமாக யாரும் இல்லை. ஓட்டலாம், பறக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிக்கலே அதுதான். அடிபட்ட ப்ராப் பல தடவை ஒழுங்காகப் பறந்து நம்மை நம்பவைத்துவிட்டு, ஒருநாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அடிப்பகுதியில் ஒடியும். நாம் வழக்கமாக ஓட்டும் நான்கு மோட்டார் கேமரா ட்ரோனில் ஒரு ப்ராப் போய்விட்டால் மிச்சம் மூன்றை வைத்துப் பத்திரமாக இறக்கலாம் என்று கனவு காணவேண்டாம், சுழன்றுகொண்டே கீழே வரும். அதனால் மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவை முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கவேண்டும். மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்பு கிளம்பும் நேரத்தில் யோசித்தால் "பரவாயில்லை, ஓட்டு" என்ற ஒரே பதில்தான் வரும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் டி.ஜே.ஐ கம்பெனியின் மாவிக், மினி, ஏர் போன்ற மடக்கு ப்ராப் கேமரா ட்ரோன்களுக்கு. எஃப்.பி.வி (ட்ரோன் கேமரா காட்டுவதைக் கண்ணாடித் திரையில் பார்த்தபடி ஓட்டும் வகை) ஓட்டுபவர்களுக்கும், வயலில் மருந்து அடிக்கும் பெரிய ட்ரோன்களுக்கும் கொஞ்சம் வேறு கணக்கு, அதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 3 கிராம் எடையுள்ள ஒரு பிளேடு (ப்ராப்பின் ஒரு இதழ்), அதன் எடை மையம் மோட்டார் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது, நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த பிளேடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 3 கிராம் பிளாஸ்டிக்கில் 10 கிலோ! அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது பிளேடின் அடிப்பகுதியும் அதைப் பிடித்திருக்கும் கீலும்தான். அடுத்தது, அதே பிளேடின் நுனி அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால் நுனியின் வேகம் மணிக்கு 300 கி.மீ. வரும். 2015 மே மாதம் மெக்சிகோவின் திஹுவானாவில் நடந்த கச்சேரியில் பாடகர் என்ரிக்கே இக்லேசியாஸ் மேடையில் பறந்துகொண்டிருந்த ட்ரோனைக் கையால் பிடிக்கப் போய் விரல்கள் வெட்டுப்பட்டு அறுவை சிகிச்சை வரை போனார், அந்த வேகம்தான் காரணம். மூன்றாவது, அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி, நுனிக்குப் பக்கத்தில் வெறும் 0.1 கிராம் சில்லு பெயர்ந்திருந்தால், அதே 8,000 சுற்றில் மோட்டாரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை அரைக் கிலோவுக்கு மேல் வரும், அதுவும் நொடிக்கு 130 தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். அடிப்பகுதியில் வரும் அடி ப்ராப்பை ஒடிக்கும். நுனியில் வரும் அடி அதிர்வைக் கொண்டுவரும், அந்த அதிர்வு மோட்டார் பேரிங்கையும் கிம்பலையும் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி) மெதுவாகத் தின்னும். ஆகவே எவ்வளவு பெரிய கீறல் என்பதைவிட எந்த இடத்தில் கீறல் என்று பார்ப்பதே முக்கியம்.

எந்த இடத்தில் அடி, என்ன முடிவு

அடிப்பகுதியில், அதாவது மோட்டாரோடு அல்லது கீலோடு சேரும் இடத்தில், மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பேச்சே இல்லை, தூக்கிப் போடவேண்டியதுதான். திருகு போகும் துளையைச் சுற்றிப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் லேசாக நீண்டிருந்தாலோ, சுற்றி வெள்ளை பூத்திருந்தாலோ அந்த பிளேடு முடிந்தது. மடக்கு ப்ராப்பில் பலர் பிளேடை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு கீலை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதிகம் பயம் தருவது இந்த கீல்தான்.

அடுத்து முன் விளிம்பு, காற்றை முதலில் வெட்டும் தடித்த ஓரம். இதில் நகத்தை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது தட்டி நின்றால் அது பள்ளம். பள்ளம் இருக்கும் இடத்தில்தான் விசை குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று விடும் இல்லையா, அதே கதைதான், ஒரே வித்தியாசம் இங்கே அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. நகம் தட்டுகிற பள்ளம் அடியிலிருந்து பாதித் தூரத்துக்குள் இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். நுனிப் பக்கம் இருந்தால் ஆள் இல்லாத மைதானத்தில் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து, புது ப்ராப் விலையையும் ட்ரோன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதையும் மாற்றுவதே மேல்.

பின் விளிம்பு மெல்லியது. அதில் சின்னச் சின்ன நெளிவு இருக்கும், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் போகும் கிழிசல் வேறு. அது ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

நுனி கொஞ்சமாகப் பெயர்ந்திருந்தால் மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், மாற்றவேண்டும். நுனியில் புல்லில் உரசிய பச்சைக் கறை, மண் தேய்த்த மங்கல், பெயிண்ட் போனது, இதெல்லாம் கறைதான், காயம் இல்லை. துடைத்துவிட்டுப் பாருங்கள், கறைக்குக் கீழே பிளாஸ்டிக் முழுதாக இருந்தால் சரி. பிளேடின் மேல்பரப்பில் வரும் மெல்லிய கோடு போன்ற கீறல்களுக்கும் கவலைப்பட வேண்டாம், நகத்தில் தட்டாத வரைக்கும்.

வெள்ளைக் கோடு தனி விஷயம். பிளாஸ்டிக் ஒரு இடத்தில் அளவுக்கு மீறி வளைந்திருந்தால் அங்கே வெளுத்துவிடும். பிளேடு மறுபடி நேராக வந்துவிட்டதே என்று விட்டுவிடக்கூடாது, உள்ளே அந்த இடம் பலவீனமாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. எஃப்.பி.வி பசங்க பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ப்ராப்பைக் கையாலேயே வளைத்து நிமிர்த்தி அடுத்த பேட்டரியைப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். வெறும் பொட்டலில், தலையில் ஹெல்மெட்டோடு தள்ளி நின்று ஓட்டும்போது அது அவர்கள் பாடு. அதைப் பார்த்துவிட்டு கோயில் திருவிழாவுக்குப் போகும் கேமரா ட்ரோனில் அதே பழக்கத்தைக் கொண்டுவரக்கூடாது.

கார்பன் ஃபைபர் ப்ராப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அது வெளுத்துக் காட்டாது, வளைந்தும் காட்டாது, உள்ளே அடுக்குகள் பிரிந்தபிறகும் வெளியே பளபளவென்றே இருக்கும். நகத்தால் அடியிலிருந்து நுனிவரை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் நார் நாராகப் பிரிந்திருந்தால் வெறும் விரலால் தடவவேண்டாம், அந்த நார் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

பார்க்கும் முறை

பேட்டரியைக் கழற்றுங்கள். ரிமோட்டை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றவேண்டும். மோட்டாரைச் சோதிக்க வேண்டியிருந்தால் ப்ராப்பைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்கவேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது.

பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்கு விரிசலை மறைக்கும், பூச்சி ஒட்டியிருந்தால் எடையையும் கெடுக்கும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பாலிகார்பனேட்டில் இவை பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, பின்னால் நுண்ணிய விரிசல் விடும். திருகு கழலாமல் இருக்கப் போடும் லாக் திரவமும் அப்படித்தான், உலோகத்துக்கு நல்லது, பாலிகார்பனேட் ப்ராப்பில் வழிந்தால் கெடுதல்.

துடைத்தபிறகு ஒரு பஞ்சை எடுத்து விளிம்பில் ஓட்டுங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் சிக்காத பிசிறு பஞ்சில் சிக்கும். அடுத்து போன் டார்ச்சை பிளேடுக்குப் பின்னால் பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஒளி கொஞ்சம் ஊடுருவும் ப்ராப் என்றால் விரிசல் கோடாகத் தெரியும், கறுப்பு ப்ராப் என்றால் டார்ச்சைச் சாய்த்துப் பக்கவாட்டில் அடித்தால் விரிசலின் நிழல் தெரியும். பிறகு பிளேடின் அடியையும் நடுவையும் இரண்டு கையால் பிடித்து லேசாக மேலும் கீழும் வளையுங்கள். லேசாக என்றால் லேசாகத்தான், ஒடிகிறதா என்று பந்தயம் கட்டவேண்டாம். வளைக்கும்போது வெள்ளைக் கோடு வந்தால், 'கிறிக்' என்று சத்தம் கேட்டால், ஒரு பிளேடு மட்டும் மற்ற பிளேடுகளைவிடத் தளர்வாக வளைந்தால், அது போகவேண்டிய பிளேடு.

மடக்கு ப்ராப்பில் கீலை ஆட்டிப் பாருங்கள். பிளேடு தன் வழியில் சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் கடகடவென்று ஆடக்கூடாது. ட்ரோனின் நான்கு கையிலும் (மோட்டாரைத் தாங்கும் தண்டு) உள்ள எட்டு பிளேடும் ஏறக்குறைய ஒரே பிடிப்பில் மடங்கவேண்டும். ஒன்று மட்டும் விறைப்பாக இருந்தால் மண் புகுந்திருக்கும், ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் துளை தேய்ந்திருக்கும் அல்லது திருகு கழன்றிருக்கும்.

கடைசியாக, வளைவு. ட்ரோனைச் சமதளத்தில் வைத்து ஒரு பிளேடின் நுனி உயரத்துக்கு ஒரு ஸ்கேலை நிறுத்தி, மோட்டாரைக் கையால் அரைச்சுற்று திருப்புங்கள். எதிர் பிளேடின் நுனியும் அதே உயரத்தில் வரவேண்டும். மேலே கீழே வந்தால் ஒன்று வளைந்திருக்கிறது, இல்லாவிட்டால் மோட்டார் அச்சே வளைந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல ப்ராப்பை அதே மோட்டாரில் போட்டு மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும்.

படிக்கத்தான் நீளம். கை பழகிவிட்டால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பறக்கும்போது தெரியும் அறிகுறிகள்

கண்ணில் படாத குறை காதில் படும். தினமும் கேட்கும் இரைச்சலில் புதிதாக ஒரு கரகரப்போ விசிலோ சேர்ந்தால் இறக்கிவிடுங்கள். வீடியோ ஜெல்லி மாதிரி நெளிவது, கிம்பல் நடுங்குவது, காற்றே இல்லாத இடத்தில் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் நகர்வது, இறக்கியதும் தொட்டுப் பார்த்தால் ஒரு மோட்டார் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது, இவை எல்லாமே ப்ராப்பைக் கைகாட்டும் அறிகுறிகள். மோட்டாரும் காரணமாக இருக்கலாம். ப்ராப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், மணல் அரைக்கிற மாதிரி உணர்வு வந்தால் பேரிங். இல்லையென்றால் சந்தேகப்படும் ப்ராப்பை மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் மோட்டாருக்கு மாற்றுங்கள். நான்கு மோட்டார் ட்ரோனில் எதிரெதிர் மூலை இரண்டும் ஒரே திசையில் சுற்றும், அதனால் அப்படி மாற்றலாம். பக்கத்து மோட்டாருக்கு மாற்றக்கூடாது, திசை எதிர். மாற்றியபிறகு சூடும் சத்தமும் ப்ராப்போடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி ப்ராப், பழைய இடத்திலேயே நின்றால் மோட்டார்.

ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருளில் ஓடும் ட்ரோன் வைத்திருந்தால் யூகிக்கவே வேண்டாம், பறப்புப் பதிவில் அதிர்வு அளவு எழுதியிருக்கும். அந்த அளவு 30 மீ/நொடி²-க்குள் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 30-ஐத் தாண்டினால் தொந்தரவு வரலாம், 60-ஐத் தாண்டினால் உயரத்தையும் இடத்தையும் பிடித்து நிற்பதில் கிட்டத்தட்டக் கண்டிப்பாகப் பிரச்சினை வரும் என்பது அந்த மென்பொருளின் வழிகாட்டியே சொல்லும் அளவு. அதிர்வு அதிகமானால் ட்ரோனின் சென்சார் ஏமாந்துபோய், நாம் ஒன்றும் செய்யாமலே ட்ரோன் விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டே போகும் கூத்தும் நடக்கும். ப்ராப் ஒடிந்தால்தான் விபத்து என்று இல்லை.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை?

எல்லா ப்ராப்புக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது. உங்கள் ட்ரோனின் கையேட்டில் எண் கொடுத்திருந்தால் அதுதான் மேல்வரம்பு, அதைத் தாண்டக்கூடாது, அதற்கு முன்பே மாற்றலாம். கொடுக்கவில்லை என்றால் ப்ராப் எப்படி வாழ்ந்தது என்று பார்க்கவேண்டும்.

சித்திரை வெயிலில் காரைப் பூட்டிவிட்டு ட்ரோனை உள்ளேயே விட்டுப் போகிறீர்களா? சூட்டில் மெல்லிய ப்ராப் நெளியும், அதுவும் பைக்குள் ஒரு பக்கம் அழுந்திக்கொண்டு இருந்தால் அழுந்திய வடிவத்திலேயே நின்றுவிடும். மினி ட்ரோன்களுக்கு ப்ராப்பைக் கட்டிவைக்கும் பட்டை ஒன்று உண்டு, அதை அலங்காரத்துக்கு என்று நினைத்து மேஜை டிராயரில் போட்டுவிடாதீர்கள். மெரினா, ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கடற்கரையில் அதிகம் ஓட்டுகிறீர்களா? ஏறும்போதும் இறங்கும்போதும் ப்ராப் காற்றே மணலைக் கிளப்பி முன் விளிம்பில் அறையும், கொஞ்ச நாளில் விளிம்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பு ப்ராப்பை ஒடிக்காது, ஆனால் தூக்கும் திறன் குறையும், பேட்டரி சீக்கிரம் தீரும், அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையான விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. இறங்குதளத் துணியை விரித்து ஓட்டினால் ப்ராப் ஆயுள் கூடும். மொட்டை மாடியில் இறக்கினாலும் விரியுங்கள், அங்கேயும் சிறுகல் இருக்கும்.

அடிபட்ட வரலாறுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவர், கம்பி, தென்னை மட்டை, தரை என்று கெட்டியான எதிலாவது பட்டிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த மோட்டாரின் ப்ராப்பை மாற்றிவிடுவது என் வழக்கம். தலைகீழாக விழுந்திருந்தால் நான்கு மோட்டாருக்கும் மாற்றிவிடுவேன். புல் நுனியில் லேசாக உரசியதற்கு மேலே சொன்ன சோதனை போதும். சென்னையில் ஓட்டுபவர்கள் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், காற்றாடி நூல். அது ப்ராப்புக்கு அடியில் மோட்டார் அச்சில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி நூலை எடுத்தபிறகு பிளேடின் அடியை நன்றாகப் பாருங்கள், மாஞ்சா நூல் பிளாஸ்டிக்கை அறுத்திருக்கும்.

இன்னொரு அளவுகோல் வேலையைப் பொறுத்தது. யாரும் இல்லாத ஏரிக்கரையில் சூரிய அஸ்தமனம் எடுக்கும்போது நான் பொறுத்துக்கொள்ளும் தேய்மானத்தை, கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொறுத்துக்கொள்ளமாட்டேன். பெரிய வேலைக்கு முந்தின நாள் சந்தேகத்துக்கு இடமான ஒன்று இருந்தாலும் மாற்றிவிட்டு, புதுசை வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பேட்டரி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. புது ப்ராப்பை நேராக வேலை இடத்தில் போட்டுக் கிளப்புவதும் ஆபத்துதான். 2021 ட்ரோன் விதிகளின்படி விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் தெரிவிக்கவேண்டும், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். எல்லை மீறித் தேய்ந்த ப்ராப்போடு ஓட்டியிருந்தால் காப்பீட்டுக்காரர் என்ன கேட்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது

ஒரு மோட்டாரில் இரண்டு பிளேடு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று போட்டால் எடை ஒத்துப்போகாது. டி.ஜே.ஐ மினி கையேட்டிலேயே இப்படித்தான் சொல்லியிருக்கிறது: ஒரு பிளேடு உடைந்தால் அந்த மோட்டாரின் இரண்டு பிளேடையும் திருகுகளையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டைப் போடு, வேறு பாக்கெட்டோடு கலக்காதே. திருகையும் மாற்றச் சொல்வதைக் கவனியுங்கள், பழைய திருகு நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் அதையே மறுபடி முடுக்குவார்கள், அது பறக்கும்போது கழலும். பாக்கெட்டோடு வரும் ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்துங்கள், அளவு தப்பினால் திருகுத் தலை வழுக்கிவிடும், அப்புறம் கழற்றவும் முடியாது முடுக்கவும் முடியாது.

திசை மாறிவிடக்கூடாது. குறி போட்ட ப்ராப் குறி போட்ட கைக்கு, குறி இல்லாதது குறி இல்லாத கைக்கு. மாற்றிப் போட்டால் கிளப்பிய உடனே அந்த மூலை தூக்காது, ட்ரோன் குப்புறக் கவிழும், அப்போது புது ப்ராப்பும் போகும். அழுத்தித் திருப்பும் வகை என்றால் பூட்டியபிறகு மேல்நோக்கி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். எஃப்.பி.வியில் நைலான் வளையம் உள்ள நட் கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் நட்டையும் மாற்றவேண்டும், சின்னத் திருகில் பிடிக்கும் மோட்டார் என்றால் திருகு நீளத்தைப் பாருங்கள், நீளம் அதிகமானால் உள்ளே போய் மோட்டார் சுருளைத் தொட்டு அதையும் எரித்துவிடும்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய இந்தியா தடை போட்டது, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதன்பிறகு பழைய மாடல் வைத்திருப்பவர்கள் கிடைக்கிற ப்ராப்பை வாங்கி ஓட்டுகிறார்கள், கிடைப்பதில் ஒரிஜினல் எது டூப்ளிகேட் எது என்று பெட்டியைப் பார்த்து மட்டும் சொல்லமுடியாது. ப்ராப்பில் அச்சடித்த எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். விளிம்பில் வார்ப்பின் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா, துளை கச்சிதமாக உட்காருகிறதா என்று பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஒரு ஜோடியின் இரண்டு பிளேடையும் நிறுத்துப் பார்த்தால் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் உண்மை தெரிந்துவிடும். ஒரு ஜோடிக்குள்ளேயே எடை பளிச்சென்று வித்தியாசப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "கார்பன் போடுங்க, உடையவே உடையாது" என்று கடையில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். ட்ரோனின் மோட்டாரும் மென்பொருளும் அது கொண்டுவந்த ப்ராப்பின் எடைக்கும் வளைவுக்கும் அமைக்கப்பட்டவை, அதைவிட விறைப்பான ப்ராப் ஆள் மேல் பட்டால் காயமும் ஆழமாக இருக்கும்.

ஒட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். சூப்பர் குளூ விரிசலை மூடி மறைக்கும், பலத்தைத் திருப்பித் தராது, எடையையும் ஒரு பக்கம் கூட்டும். பேலன்சரில் வைத்துச் சமன் செய்துவிட்டேன், நன்றாக நிற்கிறது என்பதும் பதில் ஆகாது. விரிசல் விட்ட ப்ராப்பும் அழகாகச் சமனாக நிற்கும்.

வயல் ட்ரோன்கள்

10 லிட்டர் டேங்க் சுமந்து மருந்து அடிக்கும் ஆறு மோட்டார் ட்ரோனில் ஒரு ப்ராப் போனாலும் சமாளித்து இறக்க வாய்ப்பு உண்டு. டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். மகளிர் குழுக்களுக்கு நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் வரும் ட்ரோன்களும் இந்த அளவுதான். இவற்றில் 30 அங்குலம் போலப் பெரிய மடக்கு ப்ராப் இருக்கும், மெதுவாகச் சுற்றும், ஆனால் பிளேடு கனமானது, அதனால் அடிபட்டால் சின்ன ட்ரோன் காயத்தோடு ஒப்பிடவே முடியாது. கவனிக்கவேண்டியது முக்கியமாக இரண்டு. ஒன்று, மருந்துப் படிவு. காய்ந்துபோன மருந்து பிளேடில் ஏடு ஏடாக ஒட்டி எடையைக் கெடுக்கும், ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடவேண்டும். இரண்டு, பிளேடைப் பிடிக்கும் உலோகப் பிடிக்குள் இருக்கும் வழுக்கு வளையங்கள் (வாஷர்). பிளேடு நன்றாக இருக்கும், வளையம் தேய்ந்து பிளேடு மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும், ஆள் அதிர்வைக் கேட்டு பிளேடை மாற்றுவார், அதிர்வு போகாது. வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பிளேடு வாங்கும்போது எடை பார்த்துச் சேர்த்த ஜோடியாகவே வாங்குங்கள், பிரித்துப் போடாதீர்கள்.

மாற்றி முடித்ததும் ஆட்களை விலக்கிவிட்டு, தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு நிமிடம் நிறுத்திச் சத்தத்தைக் கேளுங்கள், நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், இறக்குங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள், திருகுகளை மறுபடி ஒருதரம் பாருங்கள். போட்ட தேதியை போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ப்ராப் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கழற்றிய ப்ராப்பை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பைக்குள் திரும்பப் போட்டால் என்றைக்காவது ஒரு அவசரத்தில் உதவிக்கு வரும் தம்பி அதையே எடுத்து மாட்டிவிடுவார். கண்ணாடியோ கையுறையோ போட்டுக்கொண்டு இடுக்கியால் இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.